சாப்பாட்டு மேஜையில் எஞ்சின்

சாப்பாட்டு மேஜைக்கு எஞ்சின் வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

மேஜை கனமான மரம். அதன் மேல் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டு, போர்வையின் மேல் ஒரு தகரத் தகடு, தகட்டின் மேல் கார் எஞ்சின். மூன்று சிலிண்டர்தான். நாலு பேர் மூச்சைப் பிடித்தால் தூக்கிவிடலாம். இரண்டு வாரமாக மழை. வாசல் கதவைச் சாத்தி வைத்ததில் முன் அறை முழுக்க மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஒரு வாடை. முதல் நாள் அது குமட்டியது. மூன்றாம் நாள் முட்டை பொரிக்கும் வாசனையோடு சேர்ந்து அதுவும் வீட்டு வாசனை ஆகிவிட்டது.

"ஒரு சந்தேகம்" என்றார் கணவர், மடியில் தட்டு, கையில் ரொட்டி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அவருக்கு. "இது நம்ம வீட்டுக்கு வந்திருக்கா, இல்ல நாம இது வீட்டுக்கு வந்திருக்கமா?"

"சாப்பிடுங்க. ரொட்டித் தூள் சிலிண்டர்ல விழுந்துதுன்னா உங்களையும் சேர்த்துப் பிரிச்சுடுவேன்."

"என்னைப் பிரிச்சா திரும்ப மாட்ட ஆள் கிடைக்காது."

"மாட்டணும்னு யார் சொன்னா?"

அவளைத் தெருவில் கிளட்சக்கா என்றுதான் சொல்வார்கள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். "கிளட்ச்! மெதுவா விடு! மெதுவான்னா மெதுவா, உன் மாமியார் தூங்கறப்ப கதவைச் சாத்தற மாதிரி!" என்ற அவள் குரல் காலை ஆறரைக்கெல்லாம் தெருமுனையில் கேட்கும். அவளிடம் திட்டு வாங்கி அழுத பெண்கள் உண்டு. அழுதுவிட்டு மறுநாளே வந்து நிற்பார்கள். திட்டில் இருந்த அக்கறை அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

வண்டி ஆறு மாதமாகவே நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம். பட்டறைக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எஞ்சின் வெச்சிரலாம். ஒரு மாசம் ஆகும்" என்றார். ஒரு மாதம் இல்லை அவளிடம். இந்த வியாழக்கிழமை அவளுடைய ஏழு மாணவிகளுக்கு லைசென்ஸ் தேர்வு. பழகின வண்டியில், பயிற்சி தருகிறவருக்கும் பெடல் உள்ள வண்டியில்தான் தேர்வு. அப்படிப்பட்ட வண்டி பெரிய ரோட்டுப் பயிற்சிப் பள்ளியில் நான்கு இருந்தன. இவளிடம் இந்த ஒன்றுதான். வியாழக்கிழமை இவள் வண்டி போய் நிற்காவிட்டால் ஏழு பேரும் அங்கே போவார்கள். அப்புறம் எட்டாவது ஆள் இங்கே வரமாட்டாள். வாசலில் தொங்கும் போர்டைக் கழற்றி விறகாக்க வேண்டியதுதான்.

"நானே பிரிச்சு மாட்டறேன்" என்று அவள் சொன்னபோது கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தை அவருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருஷம் அவள் ஒரு பஸ் டிப்போவில் சாமான் அறைப் பொறுப்பாளராக இருந்தவள். கம்பி ஜன்னல் வழியாக ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் எடுத்துக் கொடுப்பாள். ஜன்னலுக்கு இருபது அடி தள்ளி எஞ்சின்களைப் பிரிப்பார்கள். எதற்கு அடுத்து எது, எந்த போல்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று அவர்கள் கத்துவதெல்லாம் அவள் காதில் விழுந்து ஒரு நோட்டில் ஏறியது. நூறு எஞ்சின்களாவது அவள் கண்ணெதிரே பிரிந்து கூடியிருக்கும். கை மட்டும் ஒன்றிலும் பட்டதில்லை. "எனக்குத் தெரியும்" என்று இத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, வியாழக்கிழமைக்கும் முன்னாலிருந்தே அவளுக்குள் இருந்தது. வியாழக்கிழமை அதற்கு ஒரு சாக்கு.

எஞ்சினை இறக்க சங்கிலிக் கப்பியோடு வந்தவர் தெருக்கோடி லேத்துக்காரர்.

"அக்கா, பிரிக்கறது யார் வேணா பிரிக்கலாம். என் பையன் மூணு வயசுல ரேடியோவையே பிரிச்சான்."

"திரும்ப மாட்டினானா?"

"அதான் சொல்ல வந்தேன்."

"அப்ப அவனை எங்கிட்ட அனுப்புங்க. நான் பிரிச்சதும் நீங்க பிளாக்கையும் கிராங்கையும் எடுத்துட்டுப் போய் சிலிண்டரைத் தேய்ச்சு, கிராங்கை மெருகேத்திக் குடுங்க. அது மட்டும் என் மேஜைல முடியாது. மத்ததெல்லாம் முடியும்."

அவள் பிரித்து முடித்ததும் அவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார். ஆனால் அன்றிலிருந்து அவர் பேச்சில் 'இதெல்லாம் எதுக்கு' என்பது நின்றுபோனது.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். கணவரின் அக்கா. முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தனியாகவே வாழ்ந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டுக்கு வந்து நான்கு மாதம்.

கிளட்சக்கா நாத்தனாரை ராணி மாதிரி வைத்திருந்தாள். முதல் டீ அவருக்கு. புதுத் தலையணை அவருக்கு. பாத்திரத்தைத் தொட்டால், "அண்ணி, நீங்க உக்காருங்க. நான் எதுக்கு இருக்கேன்." துடைப்பத்தைத் தொட்டால், "ஐயோ, வைங்க கீழ." நாத்தனார் வைத்துவிடுவார். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, மடியில் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்துக்கொள்வார். மெல்லிய, சுத்தமான, ஒட்ட வெட்டிய நகங்களுள்ள கைகள். அந்தக் கைகள் அப்படிச் சும்மா கிடப்பதைப் பார்க்கும்போது கிளட்சக்காவுக்கு ஏதோ உறுத்தும். இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்த வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை அவள் லேத்துப் பட்டறையில் இருந்தாள். தேய்த்த சிலிண்டர்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்வேன் என்று மதியம்வரை அங்கேயே நின்றாள். ஆட்டோவில் பிளாக்கை ஏற்றி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, லேத்துக்காரரும் ஆட்டோ டிரைவரும் கைகொடுக்க மேஜையில் இறக்கி, துரு பிடிக்காமல் ஆயில் தடவி நிமிர்ந்தபோதுதான் பின் அறைக் கதவு வழியாக அதைப் பார்த்தாள்.

கட்டிலில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் வரிசையாகத் தட்டுகள். ஒரு தட்டில் போல்டுகள், நீளவாரியாக. ஒரு தட்டில் பிஸ்டன் கோத்த கனெக்டிங் ராடுகள் மூன்று. தனியாக இன்னொரு தட்டில் அந்த ராடுகளின் மூடிகள் மூன்று. எல்லாம் பளபளவென்று, இன்றுதான் பிறந்ததுபோல.

அவள் அருகில் போனாள். ஒரு மூடியை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

"அண்ணி... இதுல சிவப்புப் புள்ளி இருந்துதே."

"ஆமா. நெயில் பாலிஷ்." நாத்தனாரின் குரலில் நான்கு மாதத்தில் அவள் கேட்டிராத ஒரு தெம்பு. "யாரோ சிந்தியிருக்காங்க பாருன்னு நினைச்சேன். தின்னர் போட்டுத் துடைச்சேன். எங்க தியேட்டருக்குள்ள நெயில் பாலிஷோட ஒரு நர்ஸை விட்டதில்ல நான். ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடந்துது எல்லாம். ஜாதி ஜாதியாப் பிரிச்சு வெச்சுட்டேன்."

ராடும் மூடியும் பிறக்கும்போதே ஜோடி. இரண்டையும் சேர்த்து இறுக்கித்தான் நடுவிலுள்ள வட்டத்தைக் கடைகிறார்கள். அந்த வட்டம் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை சுழலும். மூடி மாறினால் முடியளவு பிசகும். முடியளவு போதும், எஞ்சினைத் தின்றுவிட. இந்த எஞ்சினில் கம்பெனி அடித்த எண்களை முன்பு யாரோ அரத்தால் தேய்த்துவிட்டிருந்தார்கள். அதனால்தான் அவள் முதல் ஜோடிக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்று வைத்திருந்தாள்.

இதே காரியத்தை அவளுடைய மாணவி யாராவது செய்திருந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அவள் மூடியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"பரவாயில்ல அண்ணி. நீங்க உக்காருங்க. நான் டீ போடறேன்."

நாத்தனார் அவளையே பார்த்தார். முப்பத்தாறு வருஷம் முகமூடிக்கு மேல் தெரியும் கண்களை மட்டும் வைத்து மனிதர்களைப் படித்தவர்.

"என்ன கெடுத்தேன் சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"டாக்டர்ங்க என்னைப் பாத்துத் தட்டை விட்டெறிஞ்சிருக்காங்க. அப்புறம் அவங்களே வந்து நிப்பாங்க. தப்புன்னு சொன்னா எனக்குத் தாங்கும். நீ இப்படி 'பரவாயில்ல'ங்கற பாரு, அதுதான் தாங்கல. நாலு மாசமா இந்த வீட்ல எனக்குப் பரவாயில்ல, பரவாயில்ல, பரவாயில்ல. நான் என்ன, வெயிட்டிங் ரூம்லயா இருக்கேன்?"

கிளட்சக்காவுக்கு முகம் சுட்டது. கோபம் எங்கே போய் நின்றிருந்ததோ அங்கிருந்து திரும்பி வந்தது. நாலு மாத மரியாதையைத் தள்ளிக்கொண்டு சத்தம் வெளியே வந்தது.

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? வாயிருக்கில்ல? மூணு மூடி, மூணு ராடு! எது எதோட ஜோடின்னு இனி எந்த சாமி வந்து சொல்லும்? நாளன்னைக்கு சாயங்காலம் இது ஓடணும் அண்ணி! ஓடலன்னா போர்டைக் கழட்டிட்டு நானும் உங்க பக்கத்துல ஜன்னல்ல உக்கார வேண்டியதுதான்!"

கத்தி முடித்தபோது நாத்தனார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"சரி. ஜோடி சரியில்லன்னா எப்படித் தெரியும்? அதைச் சொல்லு முதல்ல."

"உள்வட்டத்துல, ரெண்டும் சேர்ற இடத்துல, மெல்லிசா ஒரு படி நிக்கும். நகத்தை வெச்சு இழுத்தா தட்டும். ரொம்ப மெல்லிசு. எனக்கு நகமே கிடையாது, எல்லாம் ஒடைஞ்சு கிடக்கு. உங்களுக்கும் இல்ல."

"நகம் எதுக்கு? அந்தப் பெட்டியை எடு. மேல இருக்கறது."

பெட்டியிலிருந்து ஒரு பஞ்சு உருண்டை வந்தது. நாத்தனார் அதில் ஒரு கிள்ளு எடுத்து விரலில் நீட்டி இழுத்தார்.

"நான் வேலைக்குச் சேந்தப்ப ஊசியைத் தூக்கிப் போட மாட்டோம். கொதிக்க வெச்சுத் திரும்பத் திரும்பப் போடுவோம். முனை மடங்கியிருந்தா கண்ணுக்குத் தெரியாது. பஞ்சுல இழுத்துப் பாப்போம். மடங்கியிருந்தா ஒரு இழை மாட்டிக்கும். ஒரே ஒரு இழை. அந்த ஊசி குப்பைக்கு. நீ மாட்டு. நான் இழுக்கறேன்."

அவள் முதல் ராடில் ஒரு மூடியை வைத்து, இறுக்கத்தை முள்ளில் காட்டும் டார்க் ரெஞ்சால் அளவு பார்த்து இறுக்கினாள். நாத்தனார் பஞ்சை உள்வட்டத்தில் வைத்து, மூச்சை நிறுத்தி, சேரும் இடத்துக்குக் குறுக்கே இழுத்தார். விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்தார்கள். இரும்பில் ஒரு வெள்ளை இழை ஒட்டிக்கொண்டு ஆடியது.

"இது இல்ல" என்றார் நாத்தனார்.

அடுத்த மூடி. மறுபடி இழை.

மூன்றாவது மூடியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்தது, வெண்ணெயில் வருவதுபோல. நாத்தனார் இரண்டாம் முறை இழுத்தார். மூன்றாம் முறை கிளட்சக்காவை இழுக்கச் சொன்னார். ஒன்றுமே இல்லை. இரும்பு ஒரே வட்டமாக இருந்தது.

"இவன்தான் இவளோட புருஷன்" என்றார் நாத்தனார். கல்யாணமே செய்துகொள்ளாத அந்த மனுஷி வாயிலிருந்து அது வந்ததும் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலத்துக்குள் மூன்று ஜோடியும் கண்டாயிற்று. மறுநாள் லேத்துக்காரர் தன் அளவுக் கருவியோடு வந்து உள்ளே விட்டுப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது அவர் குரல்.

செவ்வாய் முழுக்க இருவரும் மேஜையை விட்டு அகலவில்லை. கிராங்கைப் படுக்க வைத்து, ரிங் மாட்டி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கிளட்சக்கா கையை மட்டும் நீட்டுவாள், நிமிர மாட்டாள். கேட்ட சாமான் உள்ளங்கையில் வந்து உட்காரும், பிடிக்க வேண்டிய பக்கம் அவள் பக்கமாக. இரண்டு மணி நேரத்தில் கேட்காமலே வர ஆரம்பித்தது. துடைக்கப் பஞ்சு வேண்டுமென்றால் சின்னத் துணியில் பொட்டலம் கட்டிய பஞ்சு வரும். தனக்கு முன்னாலேயே இன்னொருவர் யோசித்து வைப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் வாழ்க்கையில் எல்லாரும் பயணிகள். பெடல் இவள் பக்கம்தான் இருந்தது.

புதன் காலை. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை மூடிவிட்டால், மேல்மூடியான ஹெட்டைப் பூட்டி மத்தியானம் வண்டியில் ஏற்றலாம். விளிம்பெல்லாம் பசை தடவி, சம்ப்பை வைத்து, ஐந்தாவது போல்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இரு" என்றார் நாத்தனார். "எட்டுதான் இருக்கு."

"என்ன எட்டு?"

"பஞ்சுப் பொட்டலம். ஒன்பது குடுத்தேன்."

"கீழ எங்கயாவது விழுந்திருக்கும்."

"கீழ பாத்துட்டேன். குப்பைக் கூடையும் பாத்துட்டேன்."

"அண்ணி, பசை காயுது. உள்ள போகல, நான் கண்ணால பாத்தேன்."

"கிராங்க்ல மூணாவது ராடு மாட்டற இடத்தைத் துடைச்சியே, அந்தப் பொட்டலத்தை எங்க வெச்ச?"

கிளட்சக்காவுக்கு ஞாபகம் வரவில்லை. வரவில்லை என்பதைச் சொல்லவும் மனசு வரவில்லை. ஆறாவது போல்டை எடுத்தாள். நாத்தனார் உள்ளங்கையை விரித்து சம்ப்பின் மேல் வைத்தார்.

"எண்ணிக்கை வராம என் டேபிள்ல மூடினதில்ல."

"இது உங்க ஆபரேஷன் தியேட்டர் இல்ல! இது என் எஞ்சின்!"

"உன்னுதுதான். கத்து, பரவாயில்ல. கையை எடுக்க மாட்டேன்."

கணவர் வேலைக்குப் போயிருந்தார். லேத்துக்காரர் வர இன்னும் நேரம் இருந்தது. ஓட்டில் மழை மட்டும். கிளட்சக்கா அந்தக் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் பசை ஒட்டியிருந்தது. ஒரு பஞ்சுப் பொட்டலம் ஆயில் சல்லடையை அடைத்தால் போதும், போன மாதம் கேட்ட டொக் டொக் பரீட்சை மைதானத்திலேயே கேட்கும். அடைக்காமலே போகலாம். ஆனால் அடைத்திருக்குமோ என்று அவள் ஒவ்வொரு மேட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவாள், வருஷக்கணக்காக.

ஐந்து போல்டையும் கழற்றினாள்.

பசையைச் சுரண்ட ஒரு மணி நேரம் போயிற்று. டார்ச் அடித்து, சல்லடையைக் கழற்றி, கிராங்கை அங்குலம் அங்குலமாகச் சுற்றி, விரல் போகும் சந்தெல்லாம் இருவரும் மாறி மாறித் துழாவினார்கள். பஞ்சு இல்லை.

"இல்ல" என்றாள் கிளட்சக்கா. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இல்ல" என்று திருத்தினார் நாத்தனார். "ரெண்டு பேரும் கண்ணால பாத்தாச்சு. இப்ப மூடு."

மத்தியானம் கணவர் வந்தார். செருப்பை வாசலில் உதறியவர், குனிந்து அடியைப் பார்த்தார்.

"காலைலேருந்து ஒரு கால் மட்டும் மெத்துமெத்துன்னு இருந்துது. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். என்ன இது?"

செருப்பின் அடியில், சப்பையாகி, சேறும் ஆயிலுமாக ஒரு பஞ்சுப் பொட்டலம்.

இரண்டு பெண்களும் அதையே பார்த்தார்கள். ஒரு மணி நேரம் வீண் என்று கிளட்சக்கா நினைத்துப் பார்த்தாள். நினைப்பு ஒட்டவில்லை. மனசில் எங்கோ ஒரு போல்டு சரியான அளவுக்கு இறுகி நின்றதுபோல்தான் இருந்தது.

"ஒன்பது" என்றார் நாத்தனார்.

மறுநாள் ஏழு பேரில் ஆறு பேர் தேறினார்கள். ஏழாவது பெண் பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டினாள். எஞ்சின்மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அது மறுநாள் கதை. புதன்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. வண்டிக்குள் எஞ்சினை இறக்கி, குழாய்களைப் பூட்டி, ஆயிலும் தண்ணீரும் ஊற்றியாயிற்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை வெறுமனே சுற்ற விட்டு, உள்ளே ஆயில் ஏறி ஓட்டுநர் முன்னாலுள்ள ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு பிளக்குகளை மாட்டினாள். லேத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு ஜன்னல்களில் தலைகள்.

கிளட்சக்கா எஞ்சினைக் குனிந்து பார்த்தபடி நிற்க வேண்டும், எங்கே ஒழுகுகிறது என்று. சாவி போட ஓர் ஆள் வேண்டும்.

"நான் போடறேன்" என்று கணவர் வந்தார்.

"நீங்க வேணாம். அண்ணி, ஏறி உக்காருங்க."

"நானா? நான் இந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல."

"இன்னைக்கு உக்காருங்க."

நாத்தனார் ஓட்டுநர் இருக்கையில் நேராக, முதுகு சாயாமல் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை இருமியது, இரண்டாம் முறை முனகியது, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. சாவி இன்னும் அவர் கையில் திரும்பியபடியே இருக்க, ஸ்டார்ட்டர் கீச்சென்று அலறியது.

"சாவியை விடுங்க!" தெரு முழுக்கக் கேட்டது கிளட்சக்காவின் குரல். "அதான் பிடிச்சிடுச்சில்ல! காது எங்க இருக்கு? விடுங்கன்னா விடணும்!"

அலறல் நின்றது. எஞ்சின் தன் போக்கில், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் இல்லை. புகைக்குழாயிலிருந்து வந்தது வெறும் வெள்ளை ஆவி. அதுவும் கொஞ்ச நேரத்தில் மறைந்தது.

கணவர் பதறிக்கொண்டு மனைவியிடம் வந்தார். "என்ன நீ, அக்காவைப் போய் இப்படி நடுத்தெருவுல..."

"நீ சும்மா இருடா" என்றார் நாத்தனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "நாங்க வேலையா இருக்கோம்."